அக்கரை போட்ட மகமை

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேப்பர் லோடு தாமதமாகிவிட்டால் லாரி டிரைவர் முதலில் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "அக்கா கோவமா இருக்காகளா?" என்று விசாரித்துக்கொண்டுதான் எங்கள் பிரஸ் வாசலில் வண்டியை நிறுத்துவார். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

எங்களுடையது பட்டாசுக்கு லேபிள் அச்சடிக்கிற பிரஸ். பெட்டி மேலே மயில், புலி, கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கிற குழந்தை என்று படம் ஒட்டியிருக்குமே, அதுதான். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது என் வீட்டுக்காரர் வேலை. மிஷின், ஆட்கள், சண்டை எல்லாம் என் வேலை. பிரஸ் என் பேரில்தான் இருக்கிறது. மார்க்கெட் தெரு முடிகிற இடத்தில், ஆறு வளைந்து திரும்புகிற முக்கில், கரையை ஒட்டியே நிற்கிறது.

ஆறு என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். வருஷத்தில் பாதிக்கு மேல் அதில் சீமைக்கருவேலமும் சாக்கடையும் பன்றிகளும்தான். வெளியூர்க்காரர்கள் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஆறு இருப்பதே தெரியாமல் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே நல்ல மழை பெய்துவிட்டால் மட்டும் அதற்குத் தான் ஆறு என்று ஞாபகம் வரும்.

அப்படி ஞாபகம் வந்த ஒரு வருஷம் மார்க்கெட் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வத்தல் மூட்டைகள் ஊறின, பருப்பு ஊறியது, எங்கள் பிரஸ்ஸில் ரீம் ரீமாகப் பேப்பர் ஊறிப் பொங்கிப் போயிற்று. அக்கரையிலும் அதே அளவு தண்ணீர்தான். இக்கரையில் கடைகள், அக்கரையில் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகள், நடுவில் ஆறு. இரண்டு பக்கமும் பாதி பாதியாக நனைந்தோம். கரையில் தடுப்புச் சுவர் வரும் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். வந்தது, காகிதத்தில். பிறகு மகமையிலேயே சுவர் கட்டிக்கொள்வது என்று ஊர் வியாபாரிகள் முடிவு செய்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மகமை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும், முடிக்கிற ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சிறு பங்கைப் பொதுக்காரியத்துக்கென்று ஒதுக்கி, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் வியாபாரிகள் கமிட்டிக் கட்டிடத்தில் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். எங்கள் ஊர்க் கிணறு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தவைதான். பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. விழுந்தது விழுந்ததுதான், திரும்பாது. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் சில்லறை போடும்போது விரலிலிருந்த மோதிரம் வழுக்கி உள்ளே போய்விட்டது. கல்யாண மோதிரம். அதுவும் மகமைதான் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டம்மா கொஞ்ச காலம் அவரோடு பேசவில்லை என்று கேள்வி. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

சுவர் கட்ட முடிவான வருஷம்தானா பட்டாசுக்கும் சண்டை வர வேண்டும்? புது விதிகள் வந்தன. அந்த விதிப்படி பட்டாசே செய்ய முடியாது என்று சொல்லிக் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாகக் கதவைச் சாத்தின. மாசக் கணக்கில் மூடிக் கிடந்தன. பஸ் ஸ்டாண்டு எதிரே பந்தல் போட்டார்கள். மைக்கில் ஒருவர் "இது புரட்சி, இது போர்" என்று தொண்டை கிழிய முழங்குவார். முழங்கி முடித்ததும் எல்லோருக்கும் மோர் கொடுப்பார்கள். நான் கேலியாகச் சொன்னாலும் அது போர் மாதிரிதான் இருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன்கள் வரிசையாகத் தூசி பிடித்து நின்றன. பட்டாசு இல்லையென்றால் லேபிள் எதற்கு? எங்கள் மிஷின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினோம்.

வியாபாரம் இல்லையென்றால் மகமையும் இல்லை. மகமை இல்லையென்றால் சுவர் இல்லை. ஐப்பசி மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் வந்துவிடும். கமிட்டித் தலைவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. அவர் ஒரு வழி சொன்னார். போன சீசனில் யார் யார் எவ்வளவு மகமை போட்டார்களோ அதே அளவை இந்த வருஷமும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். விற்காத சரக்குக்கு மகமை. எங்கள் ஊரில்தான் இப்படியெல்லாம் யோசிப்பார்கள். நான் என் வளையல்களைக் கழற்றி அடகு வைத்துப் போட்டேன். போட்டுவிட்டு வீட்டில் பாத்திரத்தை எல்லாம் டொங்கு டொங்கென்று வைத்தேன்.

அந்தக் கோபத்தில்தான் வினையை விதைத்தேன்.

எங்கள் பிரஸ்ஸில் லேபிளை அறுத்துக் கட்டுப் போடுகிற பெண் ஒருத்தி. என்னைவிடச் சில வயது இளையவள். புருஷன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை. நான் எவ்வளவு கத்தினாலும் அவள் முகம் சுளித்ததில்லை. "அக்கா ஏசுனாத்தான் மிஷினே ஓடுது, நீங்க ஏசுங்கக்கா" என்பாள். அக்கரையில் அவள் அப்போதுதான் வீடு கட்டியிருந்தாள். அரசாங்கம் கொடுத்தது பாதி, காதுத் தோட்டை விற்றது மீதி. மேலே கான்கிரீட் போட்ட ஒற்றை அறை, கிளிப்பச்சைப் பெயிண்ட். பால் காய்ச்சிய அன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். போய்ப் பன்னீர் சோடா குடித்துவிட்டு வந்தேன். ஆற்று மணலில் காலை வைத்து அப்படியே ஏறினால் அவள் வாசற்படி. அந்த வீடு ஒரு மழைக்குத் தாங்குமா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை. மற்றக் கவலைகளை அவள் கவலையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

தார்ப்பாய் போட்ட பிறகு ஒரு நாள், மிச்சமிருந்த கட்டுகளைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்க்கா, சுவரு எங்க பக்கமும் வருமா?"

வளையல் போன கை வேறு வெறுமையாக இருந்தது. "சும்மா வருமாக்கும்? மகமை போட்டவங்களுக்குத்தான் சுவரு. உங்க பக்கமும் போடச் சொல்லு, வரும்" என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அக்கரையில் யாரும் மகமை போட்டதில்லை. போடச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. மகமை எங்களுடையது, அவர்கள் எங்களில் சேர்த்தி இல்லை. இதை இப்படி உடைத்துச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் ஊரில் யாரும் உடைத்துச் சொல்லாததால்தான் அவளுக்கு அது தெரியாமல் போயிற்று. அவள் என் பேச்சை அப்படியே சட்டமாக எடுத்துக்கொண்டாள்.

பிரஸ் மூடிய முதல் மாசம் ஆட்களுக்குப் பாதிக் கூலி கொடுத்தேன். அப்புறம் கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடியவில்லை என்று சொல்வதா, கொடுக்கவில்லை என்று சொல்வதா? இழுத்துப் பிடித்திருந்தால் கொடுத்திருக்கலாம். அதோடு, கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார ஆள் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டபோது எங்கள் பிரஸ் சார்பில் அவளைத்தான் வேனில் ஏற்றி அனுப்பினேன். பங்குனி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் தொழிலுக்காக உட்கார்ந்துவிட்டு வந்தாள். "மைக்குல அந்த ஆளு பேசுனதுல ஒண்ணும் வெளங்கலக்கா. ஆனா லெமன் சாதம் நல்லாருந்துச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் முடிச்சு. அதை அவிழ்த்துத் தரையில் வைத்தாள். அழுக்கு நோட்டுகளும் சில்லறையுமாக ஒரு குவியல்.

"எங்க பக்கத்து மகமைக்கா. வீட்டுக்கு வீடு வாங்கியாச்சு. பத்தாததுக்கு நான் மகளிர் குழுவுல கடன் எடுத்துப் போட்டுட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான, போட்டுருவோமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை இல்லாத மாசம். அடுப்பு எரிகிற வீட்டை அக்கரையில் விரல்விட்டு எண்ணலாம். இதில் கடன் வேறு. அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அடியே, நான் ஏதோ எரிச்சலில் சொன்னேன், இதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவர்களிடமே கொடு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்த பெருமை என்னைத் தடுத்தது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு இன்னொரு யோசனையும் ஓடியது. பெட்டியில் விழுந்துவிட்டால் திரும்பாது. திருப்ப முடியாத பணத்தை வாங்கிக்கொண்டு கமிட்டியால் எப்படிச் சுவர் இல்லை என்று சொல்ல முடியும்? நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கமிட்டிக் கட்டிடத்துக்குள் வரவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டாள். நான்தான் உள்ளே போய் என் கையால் போட்டேன். நோட்டுகள் சத்தமில்லாமல் போயின. சில்லறைதான் கொஞ்ச நேரம் கலகலவென்று விழுந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறு வாரம் கமிட்டிக் கூட்டம். பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்காருவதில்லை. பிரஸ் என் பேரில் இருப்பதால் நான் வருவேன் என்று முன்னொரு காலத்தில் சண்டை போட்டு வாங்கிய நாற்காலி என்னுடையது. சுவர் கட்டப்போகிற கொத்தனாரும் வந்திருந்தார். நல்ல மனுஷர், அளந்துதான் பேசுவார்.

நான் எழுந்து, அக்கரைக்காரர்களும் மகமை போட்டிருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் சுவர் வைக்க வேண்டும் என்றேன். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் பேசினேன்.

மாமா பல்குச்சியை எடுத்துக் கீழே போட்டார். "மருமகளே, யாவாரம் பண்ணுறவன் போடுறதுதான் மகமை. கூலிக்காரவுக போட்டா அது காணிக்கை. நல்ல மனசோட போட்டுருக்காக, நல்லாருக்கட்டும். அதுக்காக அங்கன போயி சுவரு வைக்க முடியுமா?"

"அப்ப அந்தப் பணத்தத் திருப்பிக் குடுத்துருங்க மாமா."

"விழுந்தது திரும்புமா? நீ அறியாததா?"

அறியாததா! மோதிரக் கதையைச் சொல்லிச் சிரித்தவள்தானே நான்.

மறுபடி வாயெடுக்கப் போனேன். அதற்குள் கொத்தனார் சொன்னார். "அக்கா, இருக்க பணத்துக்குப் பாலத்துல ஆரம்பிச்சா உங்க பிரஸ் முக்கு வரைக்கும் வரும். அக்கரையிலயும் கொஞ்சம் ஒசத்தணும்னா, இங்கன மார்க்கெட்டோட நிப்பாட்டிக்கிடணும். எப்படிச் செய்ய?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மார்க்கெட்டோடு நிறுத்தினால் நனைவது என் பிரஸ் ஒன்றுதான். ஊறிப் பொங்கின ரீம்கள் கண் முன்னால் வந்தன. அடகுக் கடையில் கிடக்கிற வளையல் வந்தது. தனக்குப் பின்தான் தானமும் தருமமும் என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அந்த நேரம் பார்த்து அதுவும் வந்து நின்றது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

"மருமக சொன்னாச் சொன்னபடி கேக்குற பிள்ள" என்றார் மாமா. என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்னும் யாரும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அவள் மறுநாள் காலையிலேயே வாசலில் நின்றாள். "என்னக்கா சொன்னாக?"

"இந்தத் தடவ பணம் பத்தலம்மா. எங்க பக்கத்துக்கே இழுத்துப்பறிச்சுத்தான் வருது. அடுத்த தடவ உங்க பக்கம்."

"அப்ப நாங்க போட்டது?"

"அது கணக்குலதான் இருக்கு."

"அப்பச் சரிக்கா" என்று போய்விட்டாள். அவ்வளவுதான். என் பேச்சை அவள் ஒரு நாளும் உரசிப் பார்த்ததில்லை.

சித்திரையில் சுவர் ஏறியது. கம்பெனிகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாதிச் சீசன் போனாலும் பாதியாவது மிஞ்சியது. மிஷின் மேலிருந்த தார்ப்பாயை எடுத்தோம். அவள் பழையபடி லேபிள் அறுத்தாள், நான் பழையபடி ஏசினேன். வேலை முடிந்து ஆற்றைக் கடந்து போகும்போது எங்கள் புதுச் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாளாம். பிரஸ் வாட்ச்மேன் சொன்னார்.

தீபாவளி முடிந்த பிறகுதான் மழை பிடித்தது. தண்ணீர் காலையில் வந்தது. நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் பிரஸ் மாடிக்கு ஓடினேன். ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்து எங்கள் சுவரில் முட்டியது. சுவர் அசையவில்லை. தெருவில் ஒரு சொட்டு இல்லை. கீழே ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். மிட்டாய்க் கடைக்காரர் சேவும் மிக்சரும் அள்ளிக் கொடுத்தார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். என் பேப்பர், என் மிஷின், எல்லாம் காய்ந்து கிடந்தது. நானும் கை தட்டினேன்.

அப்புறம்தான் நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தேன். எங்கள் சுவரில் முட்டின தண்ணீர் வேறு எங்கே போகும்? முன்பு பாதி பாதியாக நனைந்த ஊர். இப்போது எங்கள் பாதியையும் சேர்த்து அவர்களுக்கே அனுப்பிவிட்டோம். கிளிப்பச்சை வீட்டின் ஜன்னல் தெரியவில்லை. மேல் கான்கிரீட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் புருஷன், கோழிக் கூடை, சுருட்டிய பாய். நான் கை தட்டியதை அவள் பார்த்தாளா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உயிர்ச் சேதம் இல்லை, கடவுள் புண்ணியம். மத்தியானத்துக்குள் எல்லோரையும் படகில் ஏற்றி ஆமத்தூர் ரோட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். தண்ணீர் வடிந்தபோது அவள் வீட்டின் பின்சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. அவள் தோட்டை விற்றுப் போட்ட கான்கிரீட் ஒரு பக்கம் சாய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

நான் கொத்தனாரைப் பிடித்து உலுக்கினேன். "தண்ணி அங்கிட்டுப் போகும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"தண்ணி எங்கயாவது போயித்தானக்கா ஆகணும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

"இனிமே அக்கரையிலயும் வச்சா?"

"ரெண்டு பக்கமும் ஒசத்திட்டா நடுவுலதான ஓடணும். வளைவுல திரும்ப முடியாம நேரா வந்து உங்க பிரஸ்ஸுலதான் ஏறும். அந்த முக்குல சுவரு தாங்காது." அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து அவள் நேராக வேலைக்கு வந்தாள். சேலையில் இன்னும் சேற்று வாடை. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது, நானும் நாலு வார்த்தை கத்தி அழுது தீர்த்திருப்பேன். அவள் கத்தியைத் தீட்டி லேபிளை அறுக்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டைச் சரிசெய்யப் பணம் கொடுத்தேன். கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னாள். கழிக்க மாட்டேன் என்றேன். சரி என்று வாங்கிக்கொண்டாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் நிம்மதி கிடைக்கவில்லை. போகும்போது சொன்னாள்:

"இந்தத் தடவ எங்களுக்குக் குடுத்து வைக்கலக்கா. அடுத்த தடவ எங்க மொறதான?"

"ஆமா" என்றேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. நடுவில் மழை பொய்த்த வருஷங்களும் உண்டு, லேசாக வந்து போன வருஷங்களும் உண்டு. பின்சுவருக்கு ஹாலோபிளாக் வைத்து, சாய்ந்த கான்கிரீட்டை உடைத்துவிட்டுத் தகரம் போட்டு அவள் அதே இடத்தில்தான் இருக்கிறாள். அக்கரையில் சனிக்கிழமைச் சம்பளத்தன்று வீட்டுக்கு வீடு ஏதோ பணம் பிரிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கோயில் கொடைக்காக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய்தான். கேட்டுவிடக் கூடாது என்று இருந்தேன்.

இந்த வருஷம் சுவரில் அங்கங்கே காரை பெயர்ந்துவிட்டது. பூசி, இன்னும் இரண்டு வரிசை உயர்த்தலாம் என்று கமிட்டியில் பேச்சு அடிபட்டது. அந்தச் செய்தி அக்கரைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? போன வாரம் அவள் பிரஸ்ஸுக்கு ஒரு பால்பவுடர் டப்பாவோடு வந்தாள். மூடியில் துவாரம் போட்டு, சுற்றிலும் மஞ்சள் பூசி, எங்கள் லேபிள் ஒன்றையே ஒட்டியிருந்தாள். மயில் படம்.

"மகமைக்கா. போன தடவ பத்தலைன்னீகள்ல, அதான் எல்லாரும் வாரா வாரம் போட்டுக்கிட்டே வந்தோம். இப்பப் பத்தும். கனத்தப் பாருங்க."

டப்பாவை வாங்கினேன். நிஜமாகவே நல்ல கனம். மேஜையில் வைத்தேன். இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளை உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். காணிக்கை என்று சொன்னதை, திரும்பாது என்று சொன்னதை, பத்தவில்லை என்றது பொய் என்பதை.

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல நீங்க இருந்தீகளாக்கா?"

"இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"முதல்ல சொன்னேன். அப்புறம் உக்காந்துட்டேன்."

"நீங்களா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஏசியது அந்த ஒரு சொல்தான். அதில் கோபம்கூட இல்லை. நம்ப முடியாமல்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் எழுந்து குடத்திலிருந்து தண்ணீர் மோந்து கொடுத்தாள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

பிறகு அவளே சொன்னாள். "சரி விடுங்க, ஆனது ஆயிருச்சு. இத எந்தப் பெட்டியிலயும் போட வேண்டாம். எங்க பக்கத்துக்கு நாங்களே வச்சுக்கிடுறோம். நீங்க ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. அன்னைக்கு உங்களுக்கு வச்ச கொத்தனார மட்டும் வரச் சொல்லுங்க. அவரு வச்சதுதான் அசையாம நிக்குது. மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சிரணும்."

"சொல்றேன்" என்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டதில் மனசு லேசாகியிருந்தது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன் என்றுகூட ஞாபகம். பழைய பொய்யை ஒப்புக்கொள்வதில் எனக்குச் செலவு ஒன்றும் இல்லை பாருங்கள்.

கொத்தனார் நம்பர் என் போனில் இருக்கிறது. பேரைத் தேடக்கூட வேண்டாம், போன மாசம்தான் பிரஸ் மாடியில் ஒழுகுகிறது என்று அவரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். அக்கரையில் வேறு கொத்தனார் கிடைக்காமல் இல்லை. ஆனால் அவள் வேறு ஆளிடம் போக மாட்டாள். நான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அதனால் காத்திருக்கிறாள். மேற்கே சாயங்காலம் ஆனால் மேகம் கூடுகிறது. பிரஸ் மாடியில் நின்று பார்த்தால் வளைவு தெரிகிறது, தாங்காது என்று அவர் சொன்ன எங்கள் முக்குச் சுவர் தெரிகிறது, அதற்கு நேரே தகரம் போட்ட அந்த வீடும் தெரிகிறது.

காலையில் வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்தியைத் தீட்ட உட்காரும் முன்னால் கேட்கிறாள், "கொத்தனார்ட்ட சொல்லிட்டீகளாக்கா?"

"போன எடுக்க மாட்டேங்குறாரும்மா" என்கிறேன்.

"வேலையா இருப்பாக. மெதுவாப் போடுங்க" என்கிறாள்.

இன்றைக்குக் காலையிலும் கேட்டாள். இன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.